மேன்மேட் வேறு, ஹேண்ட்மேட் வேறு: ஒன்றுபோலத் தெரியும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய ஒரு முழு வழிகாட்டி

"மேன்மேட் டைல் சார், ஃபுல்லா மேன்மேட்!"

ஆத்தங்குடியில் பூக்கல் போடும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் பெருமையாக இப்படிச் சொன்னார். முன்னால் கண்ணாடித் தட்டு, அதன் மேல் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்ட்டைக் கரண்டியால் சிந்தாமல் ஊற்றிக்கொண்டே சொன்னார். அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே கண்ணாடியில் நின்றது. அதைப் பார்த்து அசந்துபோன மனிதர், 'மேன்மேட்' என்ற சொல்லைக் கேட்டதும் கொஞ்சம் குழம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாக, "இது ஏதாவது செயற்கைப் பொருளா?" என்றார்.

தம்பி சொல்ல நினைத்தது 'ஹேண்ட்மேட்', அதாவது கையால் செய்தது. 'மேன்மேட்' என்றால் இயற்கையில் இல்லாததை மனிதன் உண்டாக்கியது: வெட்டிய ஏரி, நைலான் நூல். வீட்டில் செய்தது என்றால் 'ஹோம்மேட்'. ஆச்சி சுட்ட தேன்குழல் ஹோம்மேட், ஆத்தங்குடிக் கல் ஹேண்ட்மேட், நைலான் கயிறு மேன்மேட். மூன்றுமே மனிதர் செய்ததுதான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் நாலு தலைமுறைத் தொழில் ஒரே சொல்லில் பிளாஸ்டிக் சாமான் ஆகிவிடுகிறது.

காரைக்குடியில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பழைய வீடுகளை ஓட்டலாக்கிய இடங்களில் பரிமாறுகிறவர்கள், பழஞ்சாமான் கடைப் பையன்கள், வந்தவர்களுக்குச் சமையல் செய்து காட்டும் ஒரு ஆச்சி, அப்புறம் இந்தத் தம்பி. இவர்கள் யாருக்கும் அர்த்தம் தெரியாமல் இல்லை. அகராதியைப் பார்த்துத்தான் வருகிறார்கள். இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் அகராதி ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டிருக்கும், அங்கேதான் வண்டி நின்றுவிடும். அதனால் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இது எங்கே நிற்கும் சொல்?" என்று கேட்கப் பழக வேண்டும். கீழே உள்ள படிகள் அந்தப் பழக்கத்துக்குத்தான்.

தொடங்கும் முன்: ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொல்?

1066-ல் நார்மாண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆண்டவர்கள் பேசியது பிரெஞ்சு, உழுதவர்கள் பேசியது பழைய ஆங்கிலம், பாதிரிமாரும் படித்தவர்களும் எழுதியது லத்தீன். மூன்றும் ஒன்றை ஒன்று விரட்டாமல் அடுக்கடுக்காகத் தங்கிவிட்டன. அதனால்தான் 'ஆஸ்க்', 'க்வெஸ்சன்', 'இன்டராகேட்' என்று கேட்பதற்கே மூன்று. முதலாவது வீட்டுச் சொல், இரண்டாவது கொஞ்சம் விறைப்பானது, மூன்றாவது போலீஸ் ஸ்டேஷன் வாசனை அடிப்பது. கொட்டிலில் நிற்கும் மாடு 'கவ்', தட்டில் வந்தால் 'பீஃப்' என்பதும் இந்தக் கதைதான். மேய்த்தவன் சொல் ஒன்று, உண்டவன் சொல் இன்னொன்று.

நமக்கு இது புதிதில்லை. குழாயில் வருவது தண்ணீர், பிள்ளையார்பட்டியில் உள்ளங்கையில் வாங்குவது தீர்த்தம். கடையில் போய் "ஒரு பாட்டில் தீர்த்தம் கொடுங்கள்" என்றால் கடைக்காரர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார். பொருள் ஒன்றே, நிற்கிற இடம்தான் வேறு.

படி 1: தமிழ்ச் சொல்லிலிருந்து கிளம்புங்கள்

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லை முதலில் எழுத வேண்டாம். நம் தவறுகள் பிறப்பது தமிழில் அகலமாக இருக்கும் சொற்களிலிருந்துதான்.

முதல் பக்கத்துக்கு 'நிழல்' நல்லது. வெயிலுக்கு ஒதுங்கும் நிழல் 'ஷேட்'. ஒரு பொருளின் உருவம் தரையில் விழுந்தால் 'ஷேடோ'. மத்தியானம் வளவில், அதாவது வானம் திறந்த நடு முற்றத்தில், நின்று பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தில் தெரியும். சுற்றுத் தாழ்வாரத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பது ஷேட்டில். எதிரே வரிசையாக நிற்கும் தூண்கள் முற்றத்துத் தரையில் கோடு கோடாகப் போடுவது ஷேடோ. ஷேட்டுக்கு உருவம் கிடையாது, ஷேடோவுக்கு உண்டு. சுற்றுலாக் குழுவை "ப்ளீஸ் ஸ்டேண்ட் இன் த ஷேடோ" என்று கூப்பிட்டால் பேய்க்கதை மாதிரி இருக்கும்.

அடுத்த பக்கம் 'மரம்'. வாசலில் நிற்கிற வேப்பமரம் 'ட்ரீ'. அதையே வெட்டிப் பொருளாகப் பார்த்தால் 'வுட்'. கட்டடத்துக்கென்று அறுத்த மரம் 'டிம்பர்'. அதை அமெரிக்கர்கள் 'லம்பர்' என்பார்கள், இங்கிலாந்தில் லம்பர் என்றால் மூலையில் போட்ட தட்டுமுட்டுச் சாமான் என்றும் பொருள். நம் வீட்டுத் தூணைக் காட்டி "பர்மா டீக் ட்ரீ" என்று சொல்லும் வழிகாட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். தூணாகி நூறு வருடம் ஆன பிறகும் ட்ரீ என்றால் எப்படி? "பர்மா டீக்" என்றாலே போதும், அதில் மரம் அடங்கிவிட்டது.

மூன்றாவது பக்கம் 'வீடு'. இதற்கு இந்தப் பக்கத்தைவிட நல்ல பாடசாலை வேறெங்கும் கிடையாது. 'ஹவுஸ்' என்பது கட்டடம்: முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் சேர்ந்தது. 'ஹோம்' என்பது ஒருவர் குடியிருக்கும் இடம், மனம் போய்த் தங்கும் இடம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தெருத் தெருவாகப் பூட்டிக் கிடப்பவை ஹவுஸ்கள். அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஹோம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ பங்காளிகள் எல்லோரும் வந்து, அடுப்பு மூட்டி, வளவில் பந்தி போடும் இரண்டு நாள் மட்டும் அந்த ஹவுஸ் மறுபடி ஹோம் ஆகும். வகுப்பில் இதைச் சொன்னபோது அந்த ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எங்க பெரிய வீட்டுக்கு இந்த ஹோம்ங்கிற வார்த்தை பொருந்தி இருபது வருஷம் ஆச்சு" என்றார்.

'மேன்ஷன்' என்றால் தனி ஒருவரின் மிகப் பெரிய வீடு. செட்டிநாட்டு வீட்டுக்குச் சரியான சொல் இதுதான். ஆனால் சென்னை போய் வந்தவர்கள் சொல்லத் தயங்குவார்கள், திருவல்லிக்கேணி மேன்ஷனில் கட்டிலுக்குக் கட்டில் வாடகை கொடுத்துத் தங்கிய நினைவு வரும். 'பேலஸ்' என்பது அரசர் குடியிருப்பு. எல்லாப் பெரிய வீட்டையும் பேலஸ் என்று சொல்வது வியாபாரப் பேச்சு. கானாடுகாத்தான் அரண்மனைக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு: அதைக் கட்டிய அண்ணாமலைச் செட்டியாருக்குப் பிற்பாடு, 1929-ல், பரம்பரை ராஜா பட்டம் கிடைத்தது.

படி 2: திசையைக் கேளுங்கள்

வட்டிக்கும் வரவுக்கும் பேர்போன ஊரில் 'லெண்ட்', 'பாரோ' இரண்டையும் மாற்றிப் போடுவதைக் கேட்டால் கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த ஐயாக்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தமிழில் கடன் என்ற ஒரே பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு, கொடு, வாங்கு என்று வினையை மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் வினையே இரண்டு. நம்மிடமிருந்து போனால் லெண்ட், நம்மிடம் வந்தால் பாரோ. பேரேட்டில் பற்று, வரவு எழுதும்போது எந்தப் பக்கம் என்று பார்ப்போமே, அதே பார்வைதான்.

"கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" என்பது தினமும் காதில் விழுவது. சொல்பவர் பேனாவைக் கேட்கிறார், சொல்லோ எதிர்த் திசையில் ஓடுகிறது. "கேன் யூ லெண்ட் மீ", இல்லாவிட்டால் "கேன் ஐ பாரோ". யார் எழுவாயோ அவர் பக்கம் பேனா வருகிறதா, போகிறதா என்று பார்த்தால் போதும்.

'லோன்' என்பது கொடுக்கப்பட்ட தொகை. 'டெட்' என்பது திருப்ப வேண்டிய சுமை. பேங்க் விளம்பரத்தில் லோன் என்று சிரிக்கும், வீட்டுக்கு வந்ததும் டெட் என்று உட்கார்ந்துவிடும். இதுவும் திசைதான், யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான்.

'ப்ரிங்', 'டேக்' இரண்டும் கொண்டு வா, கொண்டு போ. தமிழில் பிசகாதவர்கள் ஆங்கிலத்தில் ஏன் பிசகுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மனதுக்குள் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பார்த்தால் தீர்ந்தது.

'ரென்ட்' மட்டும் ஒரு கள்ளன். வாடகைக்கு விட்டாலும் ரென்ட், எடுத்தாலும் ரென்ட். விடுகிறவர் "ரென்ட் அவுட்" என்று ஒரு 'அவுட்' சேர்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

படி 3: தானாக நடந்ததா, வேண்டுமென்று செய்ததா?

'கேள்' என்ற ஒரு வினையை வைத்துத் தமிழில் எவ்வளவு காரியம் செய்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். கோயில் மணிச் சத்தம் கேட்டது: 'ஹியர்'. பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்: 'லிசன்'. வழி கேட்டேன்: 'ஆஸ்க்'. லீவு கேட்டு எழுதினேன்: 'ரிக்வெஸ்ட்'. பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்டான்: அது குரலைப் பொறுத்து 'டிமாண்ட்'. சொன்ன பேச்சு கேட்கமாட்டான்: இதற்கும் லிசன்தான், "ஹி நெவர் லிசன்ஸ்". இந்தக் கடைசி ஒன்றில் தமிழும் ஆங்கிலமும் சொல்லி வைத்தாற்போல ஒத்துப்போகின்றன.

முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தப் படியின் உயிர். காது திறந்திருந்தால் சத்தம் தானாக வந்து விழும், அது ஹியர். நாமாகக் காதைக் கொடுத்தால் லிசன். "ஐ ஹேர்ட் யூ, பட் ஐ வாஸின்ட் லிசனிங்" என்றால் "காதில் விழுந்தது, கவனிக்கவில்லை".

கண்ணுக்கும் இதே கணக்கு. தானாகத் தெரிவது 'சீ', திரும்பிப் பார்ப்பது 'லுக்', நகர்கிற ஒன்றைத் தொடர்ந்து பார்ப்பது 'வாட்ச்'. வீடு சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் மூன்று வாக்கியம்: மேலே மரவேலையைக் காட்டும்போது "லுக் அட் த சீலிங்". மாடியில் ஏறியதும் "யூ கேன் சீ த டெம்பிள் ஃப்ரம் ஹியர்". தாழ்ந்த நிலைவாசலில் "வாட்ச் யுவர் ஹெட்". மூன்றாவதை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். உயரமான விருந்தாளிகள் நெற்றியில் வீக்கத்தோடு ஊர் திரும்புவது நல்லதில்லை.

படி 4: எந்தப் புலன், எந்த அடுப்பு?

ஓட்டலில் பரிமாறுகிற பையன் ஒருவர் சொன்ன கதை. கோழி வறுவலைப் பார்த்து விருந்தாளி, "இஸ் இட் ஹாட்?" என்றார். இவர், "எஸ் மேடம், வெரி வெரி ஹாட், ஜஸ்ட் நவ்!" என்றார். அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கியது என்று சொன்னதாக இவர் நினைப்பு. அந்த அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தயிர்ச் சோறு கேட்டார்.

'ஹாட்' சூட்டுக்கும் வரும், மிளகாய்க் காரத்துக்கும் வரும். 'ஸ்பைசி' பல பேர் வாயில் காரம்தான், ஆனால் அதன் வேர் மசாலாப் பொருள்: பட்டை, கிராம்பு, சோம்பு, அன்னாசிப்பூ. மசாலா மணக்க மணக்க இருந்தும் காரமே இல்லாத குழம்பு இருக்கலாம், அதையும் ஸ்பைசி என்பார்கள். மூக்கில் ஏறும் கடுகுக் காரம், பச்சை வெங்காய நெடி இவை 'பஞ்சென்ட்'. குழம்பாமல் இருக்க இப்படிச் சொல்லச் சொன்னேன்: சூட்டுக்கு "ஃப்ரெஷ் ஃப்ரம் த ஸ்டவ்", மிளகாய்க்கு "சில்லி ஹாட்", மசாலாவுக்கு "ஃபுல் ஆஃப் ஸ்பைசஸ், பட் நாட் சில்லி ஹாட்". மூன்று வாரம் கழித்து அந்தப் பையன் வந்து, இப்போது தயிர்ச் சோறு ஆர்டர் குறைந்துவிட்டது என்றார்.

சமையல் வினைகள் நேர் எதிர்க் கதை. இங்கே அகலமானது ஆங்கிலம், நுணுக்கமானது தமிழ். 'ஃப்ரை' என்ற ஒன்றுக்குள் நம் வதக்கல், பொரியல், பிரட்டல், எண்ணெய் விட்ட வறுவல் எல்லாம் போய் ஒளிந்துகொள்கின்றன. ஆகவே பக்கத்தில் ஒரு சொல் கூட்ட வேண்டும். எண்ணெயில் முங்கினால் 'டீப் ஃப்ரை', கொஞ்ச எண்ணெயில் வதக்கினால் 'லைட்லி ஃப்ரை'. மல்லி, மிளகாயை எண்ணெய் இல்லாமல் வறுத்தால் 'ட்ரை ரோஸ்ட்'. சுடுவதில்தான் ஆச்சி தடுக்கி விழுந்தார். வெள்ளைப் பணியாரம் சுடுவதை 'பேக்' என்று சொல்லிவிட்டார், வந்தவர்கள் அடுப்பங்கரை முழுக்க 'அவன்' (oven) அடுப்பைத் தேடினார்கள். பேக் என்றால் அடைத்த அடுப்பில் சூட்டால் வேகவைப்பது, ரொட்டி மாதிரி. எண்ணெயில் ஊற்றி எடுக்கும் பணியாரம் டீப் ஃப்ரைதான். தமிழில் தோசையும் சுடுவோம், வடையும் சுடுவோம், துப்பாக்கியாலும் சுடுவோம். அந்த அகலம் ஆங்கிலத்தில் இல்லை.

படி 5: சொல்லின் முகம் சிரிக்கிறதா, சுளிக்கிறதா?

அர்த்தம் ஒன்றே, மதிப்பு வேறு என்று சில ஜோடிகள் உண்டு. சிக்கனமும் கஞ்சத்தனமும் மாதிரி. இந்த ஊர்க்காரர்களைப் பற்றி வெளியூரார் இரண்டாவதைச் சொல்வார்கள், நாம் முதலாவதைச் சொல்வோம். ஆங்கிலத்தில் 'த்ரிஃப்டி', 'ஃப்ரூகல்' இரண்டும் பாராட்டின் பக்கம், 'ஸ்டிஞ்சி' வசவு. 'எக்கனாமிக்கல்' காசை மிச்சம் பிடிப்பது, 'எக்கனாமிக்' பொருளாதாரம் சார்ந்தது. கார் எக்கனாமிக்கல், நெருக்கடி எக்கனாமிக்.

கடைக்காரர்கள் 'சீப்' என்ற சொல்லைக் கீழே வைத்துவிட வேண்டும். "வெரி சீப் சார்" என்று கண்டாங்கிச் சேலையை நீட்டினால் விலையும் குறைவு, சரக்கும் மட்டம் என்று காதில் விழலாம். 'ரீசனபிள்', 'இன்எக்ஸ்பென்சிவ்' என்றால் விலை மட்டும்தான் இறங்கும். 'ஃபேமஸ்' நல்ல பெயர், 'நொட்டோரியஸ்' கெட்ட பெயர். இதில் ஒரு மாணவர் எழுதிய "அவர் குன்றக்குடியில் நொட்டோரியஸ் டாக்டர்" என்ற வாக்கியத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

'ப்ரைஸ்லெஸ்' விலையே இல்லாதது என்று நினைக்காதீர்கள். நம் 'விலைமதிப்பற்ற' போலத்தான், அவ்வளவு உயர்ந்தது. 'வேல்யூலெஸ்', 'வொர்த்லெஸ்' இரண்டும் காசுக்குப் பிரயோஜனம் இல்லாதது. ஒரே விகுதி, எதிரெதிர்த் திசை. இதற்குச் சூத்திரம் கிடையாது, மனப்பாடம்தான்.

படி 6: வயதும் சட்டமும் ஒட்டிய சொற்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தால் கடைக்குக் கடை 'ஆன்ட்டிக்' என்று இருக்கும். உள்ளே மரப் பொம்மை, இனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, கழற்றிய கதவு, பழைய ரேடியோ. எல்லாமே ஆன்ட்டிக்கா?

'ஓல்டு' எதற்கும் போடலாம், மூன்று வருடச் செருப்புக்கும். 'வின்டேஜ்' திராட்சை அறுவடையிலிருந்து வந்த சொல். எந்த வருடத்து ஒயின் என்று குறிக்கத் தொடங்கி, இப்போது ஒரு காலத்தின் நல்ல மாதிரியாக நிற்கும் பொருளுக்கு வழங்குகிறது. 1950-களின் தூக்குச்சட்டி, ரேடியோ எல்லாம் வின்டேஜ். ஆன்ட்டிக் என்றால் நூறு வயது தாண்டியது என்பது வணிகத்தில் பரவலான கணக்கு. 'ஏன்ஷியன்ட்' இன்னும் வெகு தூரம், பழங்காலம். பிள்ளையார்பட்டிக் குடைவரையை அப்படிச் சொல்லலாம். நம் வீடுகள் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டியவை, அவற்றை "ஏன்ஷியன்ட் ஹவுஸ்" என்றால் படித்த விருந்தாளி உள்ளுக்குள் சிரிப்பார்.

இங்கே சொல் பிசகினால் சிரிப்போடு போகாது. 'ஆன்ட்டிக்விட்டி' என்பது சட்டச் சொல். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத சிலை, ஓவியம், நாணயம், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் முதலியவை அதில் அடங்கும். மதிப்புள்ள ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருடம் போதும். இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எழுபது வயது அலமாரியை 'ஆன்ட்டிக்விட்டி' என்று பில்லில் எழுதினால் நீங்களே வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள். நூறு தாண்டிய நிலைக்கதவை 'ஓல்டு டோர்' என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம்.

'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிக்கல்' இந்தப் பக்கத்தில்தான் வரும். வரலாற்றில் முக்கியமானது ஹிஸ்டாரிக். வரலாறு சம்பந்தப்பட்டது எதுவும் ஹிஸ்டாரிக்கல். 1948-ல் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது ஹிஸ்டாரிக் நிகழ்ச்சி. அந்த வருடத்து மளிகைக் கணக்குப் புத்தகம் ஹிஸ்டாரிக்கல் ஆவணம்.

அதே ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். இவரை வைத்து இன்னொரு மூன்றைப் பிரித்துவிடலாம். சட்டப்படி வாரிசுக்கு வருவது 'இன்ஹெரிட்டன்ஸ்': பெரிய வீட்டில் உங்களுக்கு வரும் பங்கு. ஒருவர் விட்டுப்போன தடம் 'லெகசி': அழகப்பரின் கல்வி நிலையங்கள். ஊருக்கே பொதுவாக வந்து சேர்ந்தது 'ஹெரிட்டேஜ்': இந்தத் தெருக்களும் கட்டடக் கலையும். ஒரே வீடு மூன்றாகவும் இருக்கலாம், பங்காளிகள் கோர்ட்டுக்குப் போகும்போது பேசப்படுவது மட்டும் முதலாவது. அப்புறம், செட்டிநாட்டை "யுனெஸ்கோ ஹெரிட்டேஜ் சைட்" என்று சொல்லும் வழக்கத்தையும் விடுங்கள். 2014 முதல் அது இருப்பது 'டென்டேட்டிவ் லிஸ்ட்' எனப்படும் உத்தேசப் பட்டியலில். 'டென்டேட்டிவ்' என்ற ஒரு சொல்லை விழுங்கினால் சொல்வது பொய்யாகிவிடுகிறது.

படி 7: தமிழுக்குள் குடிவந்த ஆங்கிலச் சொற்களைச் சந்தேகப்படுங்கள்

இது எல்லாவற்றிலும் ஆபத்தான படி. தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்போம், தெரிந்த சொல்லுக்கு யார் பார்க்கிறார்கள்?

'லீஸ்' என்றால் நமக்கு ஒத்தி: மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்குவது. ஆங்கிலத்தில் லீஸ் என்பது காலம் குறித்து எழுதிய குத்தகை ஒப்பந்தம், மாதா மாதம் வாடகை கொடுத்தாலும் அது லீஸ்தான். கொஞ்ச நாளுக்கு சைக்கிளோ காரோ எடுத்தால் இங்கிலாந்தில் 'ஹயர்', அமெரிக்காவில் ரென்ட்.

'டவுட்' என்றால் நமக்குக் கேள்வி. வகுப்பில் கையைத் தூக்கி "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் அவர்களுக்கு "நீங்கள் சொல்வதை நம்பவில்லை" என்று கேட்கும். "ஐ ஹேவ் எ க்வெஸ்சன்" போதும்.

'ரோஸ்ட்' நமக்கு முறுகலான தோசை. 'ரிப்பேர்' நமக்குக் கெட்டுப்போனது: "ஃபேன் ரிப்பேர்." ஆங்கிலத்திலோ ரிப்பேர் என்பது சரிசெய்வது. அறையில் "ஏசி ரிப்பேர்" என்று எழுதி ஒட்டினால், ஆள் வந்து சரிசெய்துகொண்டிருக்கிறார் என்று விருந்தாளி காத்திருப்பார். "அவுட் ஆஃப் ஆர்டர்" என்று எழுத வேண்டும்.

ரிப்பேரின் உறவுக்காரர்களையும் பார்த்துவிடுவோம். உடைந்ததை வேலை செய்ய வைத்தால் ரிப்பேர், நம் மராமத்து. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவந்தால் 'ரீஸ்டோர்': சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் தேடி அதே பூச்சைப் பூசுவது. பழசைப் புதிதாக்கினால் 'ரெனவேட்': அந்தப் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டு சிமெண்ட் அடித்து பெயிண்ட் பூசுவது. ரெனவேட் செய்துவிட்டு ரீஸ்டோர் என்று விளம்பரத்தில் போடுவது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது.

படி 8: மாற்றிப் போட்டுச் சோதியுங்கள்

ஒரு வாக்கியத்தில் ஜோடியில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள். அர்த்தம் மாறுகிறதா, மரியாதை மாறுகிறதா, இல்லை வெறுமனே காதுக்கு உறுத்துகிறதா? மூன்றாவது என்றால் அது கூட்டுச் சேர்க்கை விஷயம். டீ 'ஸ்ட்ராங்', மழை 'ஹெவி'. மாற்றிப் போடக்கூடாது. ஏன் என்று கேட்டால், நாம் ஏன் கொட்டும் மழை என்கிறோம், ஊற்றும் மழை என்பதில்லை என்று யாராவது கேட்டால் நாம் முழிப்பது போலத்தான்.

அகராதியும் பழக வேண்டும். ஆங்கிலம்–தமிழ் அகராதி முதல் கதவு மட்டும். அதோடு, ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்பவர்களுக்கென்று எழுதிய ஆங்கில–ஆங்கில அகராதியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கத்தைவிட அதன் கீழே கொடுத்திருக்கும் மாதிரி வாக்கியங்களைப் படியுங்கள். 'தெசாரஸ்' நம் நிகண்டு போன்றது, ஒரு பொருளுக்கு எத்தனை சொல் என்று வரிசை போடும், எது எங்கே நிற்கும் என்று சொல்லாது. அதை மட்டும் பார்த்து எழுதியதுதான் அந்த 'நொட்டோரியஸ் டாக்டர்' வாக்கியம்.

கையோடு ஒரு பயிற்சி

வகுப்பில் கடைசியாகக் கொடுத்தது. விடையும் கூடவே இருக்கிறது, மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வண்டியை ஒரு நாள் இரவல் கேட்க வேண்டும்: "கேன் ஐ ___ யுவர் பைக்?" பாரோ.

1955-ல் வாங்கிய இனாமல் கூஜா: வின்டேஜ்.

வேப்பமரத்தடியில் கார் நிறுத்த இடம்: ஷேட்.

கண்டாங்கி, தறியில் நெய்தது: ஹேண்ட்வோவன். ஹேண்ட்மேட் என்றாலும் தப்பில்லை, மேன்மேட் என்று சொன்னால் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

கடைசிக் கேள்விக்குத்தான் வகுப்பே இரண்டு பட்டது. ஒரு பழைய வீட்டை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். தரையில் பெயர்ந்த இடங்களில் அதே மாதிரி ஆத்தங்குடிக் கல் செய்து பதித்திருக்கிறார்கள். வளவுக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டு ஏசி வைத்திருக்கிறார்கள். இது ரீஸ்டோரா, ரெனவேட்டா? ஓட்டல் பையன் ரீஸ்டோர் என்றார், ஆச்சி "வளவுல மழை விழாட்டி அது என்ன வளவு, ரெனவேட்டுதான்" என்றார். அரைமணி நேரம் ஓடியது. கடைசியில் பூக்கல் போடும் தம்பி எழுந்தார். அந்த வீட்டுக்குக் கல் கொடுத்தவரே அவர்தான்.

"தரை ரீஸ்டோர், கூரை ரெனவேட், மாடி பாத்ரூம் ரிப்பேர் சார்."

"எந்த ரிப்பேர் தம்பி, அவங்க ஊர் ரிப்பேரா, நம்ம ஊர் ரிப்பேரா?"

"நம்ம ஊர் ரிப்பேர்தான் சார். நேத்துக்கூட தண்ணி வரலை."